மருந்தாளுநர் உதவியாளர் தேர்வு: அலகு இல்லாத எண்ணை எழுதாதீர்கள்

முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்லும்படியான மதிப்பெண் இல்லை என்றாலும், கணக்குப் பகுதியில் ஏறக்குறைய முழுவதும் கிடைத்திருக்கிறது. இரவு பகலாக மருந்துப் பெயர்களை உருப்போட்ட சிலருக்குச் சறுக்கியதும் அங்கேதான். ஆகவே இந்தக் குறிப்பு கணக்கின் பக்கமே சாய்ந்திருக்கும். மனப்பாடத்தில் புலிகளாக இருப்பவர்கள் வேறு யாரிடமாவது யோசனை கேட்பது நல்லது. எனக்கு நினைவாற்றலும் குறைவு, வேகமும் குறைவு.

வழக்கமாக வரும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு அமாக்சிசிலின் 250 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். கையில் இருப்பது 5 மில்லியில் 125 மி.கி. உள்ள 100 மில்லி பாட்டில். எத்தனை பாட்டில் கொடுப்பீர்கள்? ஒரு வேளைக்கு 10 மில்லி, நாளுக்கு 30 மில்லி, ஏழு நாளுக்கு 210 மில்லி. இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள். பிறகு '200-க்குப் பக்கம்தானே' என்று இரண்டு பாட்டில் எழுதுகிறார்கள். இரண்டு பாட்டிலில் 20 வேளைக்குத்தான் மருந்து இருக்கும். வேண்டியது 21 வேளை. விடை மூன்று பாட்டில். வாய்மொழித் தேர்வில் இதன் தொடர்ச்சியாக, தூளில் தண்ணீர் கலந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்பார்கள். பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொன்னால் பாராட்டு ஒன்றும் கிடைக்காது.

நான் கடைப்பிடித்த ஒரே பிடிவாதம்: ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதுவேன். மி.கி., மில்லி, வேளை, நாள், பாட்டில் என்று ஒன்றையும் விடமாட்டேன். மேலேயும் கீழேயும் வரும் அலகுகளை அடித்துவிட்டுப் பார்த்தால், வினா கேட்ட அலகு மட்டும் மிஞ்ச வேண்டும். பாட்டில் எண்ணிக்கையைக் கேட்டிருக்கும்போது மி.கி. மிஞ்சினால், எங்கேயோ தலைகீழாகப் பெருக்கியிருக்கிறோம். இதனால் நேரம் வீணாகிறது என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இவை கேட்ட மாத்திரத்தில் வர வேண்டும்:

- 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். லீவோதைராக்சின் 50 மைக்ரோகிராமும் 0.05 மி.கி.யும் ஒன்றே.
- 1 சதவீதக் கரைசல்: 100 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 10 மி.கி.
- 1:1000 அட்ரினலின்: 1000 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 1 மி.கி.
- 0.5 என்பதில் முன்சுழியம் கட்டாயம். 5.0 என்பதில் பின்சுழியம் கூடாது; புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும்.
- இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில 'யு' எழுத்து மட்டும் போட்டால் சுழியம்போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

மருந்துச் சீட்டின் சுருக்கக் குறிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒன்று மட்டும்: 'ஓ.டி.' என்றால் நாளுக்கு ஒரு வேளை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். கண் மருந்துச் சீட்டில் அதே குறி வலது கண்ணையும் குறிக்கும்.

பெயர்களை முழுதாக உருப்போட முடியாத என்போன்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மருந்துகளின் பொதுப்பெயர்களை ஒழுங்குபடுத்த உலக சுகாதார அமைப்பு 1950-இல் முடிவெடுத்து, 1953-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. அந்த முறையில் பெயரின் வால் குடும்பத்தைக் காட்டிவிடும்: பிரில், சார்ட்டான், ஓலோல், வாஸ்டாட்டின், பிரசோல். வாலை முழுதாகப் பிடியுங்கள். 'அசோல்' வரை மட்டும் பிடித்தால் வயிற்று அமிலத்துக்கான ஒமிப்ரசோலும் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் ஒரே கூடையில் விழும். தலைப்பகுதி ஒத்திருக்கும் இணைகளைத் தனியே எழுதி வையுங்கள். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு.

செய்முறைத் தேர்வில் பலருக்கு மதிப்பெண் போனது அறியாமையால் இல்லை, அறிவால்! தேர்வாளர் நோயாளிபோல வந்து நின்று, "வார்ஃபரின் சாப்பிடுகிறேன், தலைவலிக்கு ஆஸ்பிரின் போடலாமா?" என்று கேட்கிறார். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து; எனக்கு முன்னால் போனவர் ரத்தக் கசிவு அபாயத்தை அழகாக விளக்கினார். சொன்னது முழுக்கச் சரி. மதிப்பெண் குறைந்தது. எதிர்பார்த்த விடை: "கொஞ்சம் இருங்கள், மருந்தாளுநரை அழைக்கிறேன்." இது எனக்கு அநியாயமாகப் பட்டது, இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் உதவியாளரின் எல்லை அதுதான். சீட்டை வாங்குவது, ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டுக் குறிப்பது, எடுப்பது, எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, இருப்பும் காலாவதியும் பார்ப்பது நம் வேலை. சரிபார்ப்பதும் ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநருடையது. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே. சீட்டில் 'தினமும்' என்று இருந்தால் எண்ணத் தொடங்காமல் நேராக அவரிடம் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் வேகத்தை யாரும் பார்ப்பதில்லை.

எந்த மருந்தை மருந்தாளுநர் அருகில் இல்லாமல் கொடுக்கலாகாது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டப் பகுதியை உங்கள் பாடநூலிலிருந்தே படியுங்கள்; இரவல் குறிப்புகள் வேண்டாம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்பதன மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது. அலமாரியில் முதலில் காலாவதியாவது முன்னால் நிற்க வேண்டும். மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் பொதுவாக அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது.

சேர்வதற்குப் பள்ளிப் படிப்பும் தெளிவான கையெழுத்தும் வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. நல்ல செருப்பு வாங்குங்கள்.

தேர்வறையில் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் இன்றிலிருந்தே 0.25, 0.125 போன்ற எண்களால் காகிதத்தில் வகுத்துப் பழகத் தொடங்குங்கள், அலகோடு.