அக்கா தங்கை கணக்கு: உடன்பிறந்தோர் தரவைச் சீர்செய்த அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் எடுத்த உடன்பிறந்தோர் விவரங்களைத் தாய் இறப்புக் கணக்குக்கு (கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதை ஒட்டியோ பெண்கள் இறப்பது) ஒழுங்கு செய்ததன் குறிப்பு இது. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், அவர்களுடைய அக்கா தங்கைகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எப்போது இறந்தார்கள் என்று கேட்டது.

முதல் சிக்கல் ‘அக்கா’. பெரியம்மா மகளும் இங்கே அக்காதான். "உங்க அம்மா வயித்துல பொறந்தவங்க" என்று கேட்ட படிவங்கள் மட்டுமே சரியாக வந்தன. மற்றவற்றுக்கு மறுபடி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

ஒரு பெண்ணுக்கு ஒரு வரி என்று இருக்கும் கோப்பை உடன்பிறந்தவருக்கு ஒரு வரியாகப் பிரித்த பின் தேதிகள். 1900 முதல் எண்ணும் மாத எண்ணாக மாற்றுவோம்: ஆண்டில் 1900ஐக் கழித்து, 12ஆல் பெருக்கி, மாதத்தைக் கூட்டினால் போதும். 2014 ஆகஸ்ட் என்றால் 1376. சில வீடுகளில் தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள நாட்காட்டி) இருந்தது. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் தவறு. ஆண்டு பிறக்கும் சிங்ஙம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் முடியும் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825. 1190 சிங்ஙம் 2014தான். 2015 என்று போட்டால் இறப்பு 12 மாதம் நகர்ந்துவிடும். ஆய்வுக் காலத்தின் ஓரத்தில் இருக்கும் இறப்பு, உள்ளே வரவேண்டியது வெளியே போகவும் வெளியே உள்ளது உள்ளே வரவும் இதுவே போதும்.

"நாலு வருசம் ஆச்சு" என்ற பதிலை ஒரே மாதத்தில் அடைக்கக் கூடாது. நேர்காணல் 2019 மார்ச் (1431) என்றால் அது 1372 முதல் 1383 வரை எங்கும் இருக்கலாம். பிறந்த மாதமும் இறந்த வயதும் தெரிந்தால் இந்த இடைவெளி குறுகும். எஞ்சியதற்குள் ஒரு மாதத்தைக் குலுக்கலில் எடுத்து, ஊகித்தது என்று தனிக் குறி வைத்தோம்.

ஆய்வுக் காலம் நேர்காணலுக்கு முந்தைய 84 மாதங்கள், இங்கே 1347 முதல் 1430 வரை. விகிதம் என்பது இறப்புகளை, இந்தக் காலத்தில் சகோதரிகள் உயிரோடிருந்த மாதங்களால் வகுப்பது. மாத எண் 1080இல் பிறந்து 1400இல் இறந்த அக்கா, 20-24 வயதில் அப்படி 33 மாதமும் 25-29இல் 20 மாதமும் தருகிறார். இறந்தபின் வரும் மாதங்களையும் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. விகிதம் குறைந்து காட்டும்.

மிகவும் தடுமாற வைத்தது இரட்டிப்பு. ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்ட இரண்டு சகோதரிகள் ஒரே இறப்பைச் சொல்வார்கள். உடனே ஒன்றை அழிக்கக் கை போகும். அழிக்கக் கூடாது. பதில் சொல்பவர் தன்னை எண்ணுவதில்லை. சகோதரிகள் எல்லோருமே போய்விட்ட வீட்டைச் சொல்ல ஆளே இல்லை. இறப்பு அபாயம் குடும்ப அளவோடு தொடர்பில்லாதவரை, இந்த விடுபடல்களும் திரும்பச் சொல்வதும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒன்றை மட்டும் ‘சரி’ செய்தால் விகிதம் சாய்ந்துவிடும். பிழை எல்லையை மட்டும், தெரிவான ஊரை ஒரு தொகுதியாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

இறந்தபோது கர்ப்பமா, பிரசவத்திலா, பிறகா என்பதில் "தெரியாது" வந்தால் ‘இல்லை’ என்று மாற்றவேண்டாம், தனியாக எண்ணுங்கள். பிரசவத்துக்குப் பின் எல்லை 42 நாள். பழைய பன்னாட்டு ஆய்வுகள் இரண்டு மாதம் எடுத்தன, விபத்தையும் வன்முறையையும் கழிக்கவில்லை. ஆகவே அந்த எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. "நாப்பது கழியல" என்ற பதிலை 40 நாளுக்குள் என்று ஏற்றோம்.