காய்ச்சல் இறங்கிய பிறகு மட்டும் எடுத்த ரத்தம் வீண்

திரும்பத் திரும்பக் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாது, கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆட்டோஇன்ஃப்ளமேட்டரி நோயாக (கிருமி இல்லாமலே உடல் தானாக அழற்சியைக் கிளப்பும் நோய்) இருக்குமோ என்று யாராவது சொன்ன பிறகுதான் உண்மையான அலைச்சல்.

முதலில் கோட்டை விடுவது ரத்தம் எடுக்கும் நாளை. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் காய்ச்சல் ஓடிவிடும், சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) சரியாக இருக்கும், "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். பரிசோதனைச் சீட்டை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் உச்சத்தில் ஒரு முறை, முழுக்க ஓய்ந்தபின் ஒரு முறை. நன்றாக இருக்கும் நாட்களிலும் சிஆர்பி இறங்கவில்லையென்றால் அழற்சி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்போது சிறுநீரில் புரதம் பார்க்காமல் விடக்கூடாது. நீடித்த அழற்சியால் உறுப்புகளில் படியும் அமிலாய்டு என்ற புரதம் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் கைவைக்கும். மெவலோனேட் கைனேஸ் குறைபாடு (இதே வகையைச் சேர்ந்த ஒரு பரம்பரை நோய்) சந்தேகமென்றால், அதற்கான சிறுநீரையும் காய்ச்சல் நாளிலேயே பிடிக்க வேண்டும்.

"மூணு நாள் மாதிரி இருந்தது" என்பது உதவாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுங்கள். காய்ச்சலின் நீளம்தான் இந்த நோய்களைப் பிரித்துக் காட்டும். எஃப்எம்எஃப் (பரம்பரையாக வரும் மத்தியதரைக்கடல் காய்ச்சல்) பொதுவாக 12 முதல் 72 மணி நேரம். பிஎஃப்ஏபிஏ (வாய்ப்புண், தொண்டை வலி, கழுத்து நெரிக்கட்டியோடு பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது) 3 முதல் 6 நாள். ட்ராப்ஸ் (இன்னொரு பரம்பரைக் காய்ச்சல்) ஒரு வாரத்தைத் தாண்டும். இடையில் ஒரு வேளை ஸ்டீராய்டு போட்டிருந்தால் அதையும் குறியுங்கள்; பிஎஃப்ஏபிஏ காய்ச்சல் அதில் சில மணி நேரத்திலேயே அடங்கிவிடும், பிறகு கணக்கே பொய்.

ஜீன் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றதும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். இந்த வகை நோய்களை உண்டாக்கும் என்எல்ஆர்பி3 ஜீன் மாற்றம் சில செல்களில் மட்டும் இருந்தால் பழைய சாங்கர் ஜீன் பரிசோதனை முறைக்குச் சிக்காமல் போகலாம். 2020-இல் கண்டறியப்பட்ட வெக்சஸ் என்ற அழற்சி நோய் பரம்பரையாக வருவதே இல்லை. யுபிஏ1 ஜீனில் பிற்காலத்தில், ரத்த செல்களில் உண்டாகும் மாற்றம். 50 வயது தாண்டிய ஆண், காய்ச்சல், காதுமடல் வீக்கம், எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) உயர்ந்த ரத்தசோகை என்றால் யுபிஏ1-ஐப் பெயர் சொல்லியே கேளுங்கள். பரம்பரைக் காய்ச்சல் ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனலில் அது இல்லாமலும் இருக்கலாம். இதற்கு நேரெதிரான வலை இ148க்யூ என்ற எஃப்எம்எஃப் ஜீன் மாற்றம்: ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது, அதை மட்டும் வைத்து எஃப்எம்எஃப் என்று முத்திரை குத்த முடியாது.

எஃப்எம்எஃப்-க்குத் தரும் கால்ச்சிசின் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வரும் நிம்மதி பெரியது. வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தொண்டை வலிக்கு யாரேனும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் மட்டும் உடனே தடுத்துச் சொல்லுங்கள். கால்ச்சிசின் உடலில் தேங்கி நஞ்சாகிவிடும்.