ஸ்பைடர்மேனுக்கு வாடகை பாக்கி

சாம் ரெய்மி இயக்கிய மூன்று ஸ்பைடர்மேன் படங்களின் உலக வசூலை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2002-இல் வந்த முதல் படம் சுமார் 82 கோடி டாலர். 2004-இல் வந்த இரண்டாவது சுமார் 79 கோடி. 2007-இல் வந்த மூன்றாவது 89 கோடிக்கும் மேல். மூன்றில் குறைவாகச் சம்பாதித்தது இரண்டாம் பாகம். ஆனால் இருபது வருடம் கழித்தும் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது அதைத்தான். மூன்றாவதை மீம் போடத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்பைடர்மேனான பீட்டர் முடியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் ஆடிப் போவானே, அந்தக் காட்சி.

இதில் முரண் ஒன்றும் இல்லை. மூன்றாம் பாகத்துக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததே இரண்டாம் பாகம்தான். ஒரு சீக்வலின் முதல் வார வசூல், அதற்கு முந்தைய படம் சம்பாதித்து வைத்த நல்ல பெயர். அந்தப் பெயரை சீக்வல் காப்பாற்றியதா என்பது அதற்கடுத்த படத்தின்போதுதான் தெரியவரும். 2014-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு ஸ்பைடர்மேனாக நடித்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ 70 கோடி டாலருக்கு மேல் வாங்கியும், அறிவித்திருந்த அடுத்த பாகங்கள் எல்லாம் கைவிடப்பட்டன. அதனால் வசூலை ஓரமாக வைத்துவிட்டு, படத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் படத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. சக்தி எப்படிக் கிடைத்தது என்ற கதையே பாதிப் படத்தை இழுத்துவிடும். ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தில் அந்த உடையை முழுசாகப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், யாரும் நெளிவதில்லை. இரண்டாம் பாகத்தில் அந்த ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கும். அதை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னும் இரண்டு வில்லன், இன்னும் பெரிய வெடி, அடுத்த படத்துக்கான விளம்பரம் என்று நிரப்புவது சுலபம். ‘ஸ்பைடர்மேன் 2’ கடன் பாக்கிகளை வைத்து நிரப்பியது.

நிஜமாகவே கடன் பாக்கிதான். படம் தொடங்குவதே பீட்டர் பார்க்கர் பீட்சா கொண்டுபோவதில். 29 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். நடுவில் சிலந்தி உடையைப் போட்டுக்கொண்டும் பறந்து பார்க்கிறான், அப்படியும் தாமதம், வேலை போகிறது. பத்திரிகை ஆபீசில் போட்டோவுக்குக் கிடைக்கும் பணம் ஏற்கெனவே வாங்கிய அட்வான்சுக்கே காணாது. வீட்டு ஓனர் வாசலிலேயே உட்கார்ந்து வாடகை கேட்கிறார். கல்லூரியில் பேராசிரியர் மிரட்டுகிறார். மே பெரியம்மாவின் வீடு வங்கிக் கடனில் முழுகப் போகிறது. அவன் காதலிக்கும் மேரி ஜேனின் நாடகத்துக்குப் போய்ச் சேரும்போது கதவைச் சாத்திவிடுகிறார்கள். லாண்டரியில் உடையைப் போட்டால் சாயம் போய், கூடப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பும் நீலமும். ஊரைக் காப்பாற்றுகிறவன் சொந்த வாழ்க்கையில் ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் தாமதமாக நிற்கிறான். முதல் படம் கொடுத்த சக்திக்கு இரண்டாம் படம் வட்டியோடு பில் அனுப்புகிறது.

முந்தைய கதையை ஞாபகப்படுத்தும் வேலையை இந்தப் படம் டைட்டிலிலேயே முடித்துவிடுகிறது. காமிக்ஸ் ஓவியர் அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்களில் முதல் படத்தின் முக்கியமான கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். வசனத்தில் ‘உனக்கு ஞாபகம் இருக்கா, அன்றைக்கு...’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டியதில்லை. சாதாரண விஷயம்தான், ஆனால் பல சீக்வல்கள் முதல் இருபது நிமிடத்தைத் தொலைப்பது இங்கேதான்.

பீட்டர் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்து போகும் காட்சி 1967-இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 50-ஆம் இதழிலிருந்து எடுத்தது. ஸ்டான் லீ எழுதி ஜான் ரொமீட்டா வரைந்தது. அந்த ஓவியத்தைத் திரையில் பார்த்ததும் காமிக்ஸ் வாசகன் துள்ளுவான், சரி. காமிக்ஸே தெரியாதவனுக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஏனென்றால் அதற்கு முன் முக்கால் மணி நேரமாக அவன் எதையெல்லாம் இழந்தான் என்று நாம் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறோம். பழைய இதழிலிருந்து ஒரு காட்சியை எடுப்பவர்கள், அந்த இதழில் அது ஏன் வலித்தது என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓவியத்தை மட்டும் பெயர்த்தெடுத்தால் அது வால்பேப்பர்.

அடுத்தது வில்லன். ஆல்ஃபிரட் மொலினாவின் டாக்டர் ஆக்டோபஸ் கெட்டவனாக வருவதில்லை. வீட்டுக்கு வந்த பையனுக்குச் சாப்பாடு போட்டு, அறிவு என்பது சலுகை அல்ல, மனிதருக்கு உதவத் தரப்பட்ட கொடை என்று புத்தி சொல்லும் ஆசிரியர். சோதனை தப்பி மனைவி சாகிறாள், முதுகில் நான்கு இயந்திரக் கைகள் ஒட்டிக்கொள்கின்றன, கனவை விட மாட்டேன் என்று கிளம்புகிறார். பீட்டரின் பிரச்சினையும் அதேதான்: தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டுமா, வேண்டாமா? சரியானதைச் செய்ய வேண்டுமானால் சில நேரம் நாம் மிகவும் ஆசைப்பட்டதையே, கனவையே கூட, விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று மே பெரியம்மா பீட்டரிடம் சொல்கிறாள். கிளைமாக்சில் பீட்டர் அதே வார்த்தையை ஆக்டோபஸிடம் சொல்கிறான். கூடவே அவர் சொன்ன பாடத்தையும் அவருக்கே நினைவுபடுத்துகிறான். சண்டை அங்கே முடிகிறது, குத்தில் அல்ல. ஹீரோவைத் தின்றுகொண்டிருக்கும் கேள்விக்கு வேறொரு பதிலை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனாக வில்லன் இருந்தால், இருவரும் சந்திக்கும் ஒவ்வொரு காட்சியும் கதைக்குள்ளேயே நடக்கும்.

அந்தக் கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் கணினியில் செய்துவிடவில்லை. பொம்மலாட்டக் கலைஞர்கள், ஒரு கைக்கு நான்கு பேர் வீதம், படப்பிடிப்பிலேயே ஆட்டி நடிக்க வைத்தார்கள். தாவுவதும் சுவர் ஏறுவதும்தான் கிராஃபிக்ஸ். மொலினா அந்த நான்குக்கும் லாரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று பெயர் வைத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொடுக்கிற ஒரு கையைப் பார்த்தால் அது ஒரு பாத்திரமாகவே தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் அந்தக் கைகள் டாக்டர்களைக் கொல்லும் காட்சியில் ‘ஈவில் டெட்’ என்ற பேய்ப்படம் எடுத்த பழைய ரெய்மி எட்டிப் பார்க்கிறார். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

ரயில் சண்டையை எல்லோரும் புகழ்வார்கள். (அப்படித் தலைக்கு மேல் ஓடும் ரயில் இன்றைய மன்ஹாட்டன் நடுவே கிடையாது, சிகாகோவில் எடுத்து ஒட்டினார்கள். யார் கவலைப்பட்டார்கள்!) ஆனால் அது நெஞ்சில் நிற்பது சண்டை முடிந்த பிறகு. முகமூடி இல்லாமல் மயங்கி விழுந்தவனைப் பயணிகள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டுப் பையன் வயசுதானே என்கிறார் ஒருவர். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சொல்லி இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தருகிறார்கள். முதல் படத்தில் பாலத்தின் மேல் நின்று வில்லன் மேல் கல்லும் கம்பியும் எறிந்த அதே நியூயார்க் ஜனங்கள்தான். அன்று விதைத்தது இன்று காய்க்கிறது.

கிறிஸ்டோபர் நோலன் 2008-இல் ‘தி டார்க் நைட்’ எடுத்தபோதும் கணக்கு இதுவேதான். அதற்கு முந்தைய பாகமான ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) படத்தின் கடைசிக் காட்சியிலேயே போலீஸ் அதிகாரி கார்டன் எச்சரிக்கிறார்: நாம் ஆயுதத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். கூடவே ஒரு ஜோக்கர் சீட்டு. அடுத்த படத்தில், பேட்மேனிடம் அடிவாங்கி வழியில்லாமல் போன ரவுடிக் கும்பல் ஜோக்கரைக் கூட்டி வருகிறது. வில்லன் வானத்திலிருந்து குதிக்கவில்லை; ஹீரோ ஜெயித்ததால் வந்தவன். ஜோக்கருக்குப் பூர்வகதையும் கிடையாது. வாய்த் தழும்பைப் பற்றி இரண்டு முறை சொல்கிறான், இரண்டும் வேறு வேறு கதை. இன்னொரு பிறப்புக் கதைக்காக அரைமணி நேரம் செலவாகாமல் தப்பித்தது. அந்தப் பணமும் நேரமும் போன இடம் திரையில் தெரியும்: ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த சுமார் 28 நிமிடம், சிகாகோ லாசால் தெருவில் நிஜமாகவே குப்புறக் கவிழ்த்த லாரி.

2014-இன் ‘கேப்டன் அமெரிக்கா: வின்டர் சோல்ஜர்’ இன்னொரு வழி. படத்தின் ஜாதியையே மாற்றிவிட்டது. போர்ப் படமாக இருந்தது உளவுத் துரோகப் படமானது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய சிப்பாய்க்கு, உத்தரவு போடும் நிறுவனமே புழுத்துப்போயிருக்கிறது என்று தெரிந்தால்? வில்லனாக வரும் பக்கி, செத்ததாக நினைத்த கேப்டனின் பழைய நண்பன்; அவன் பிழைத்திருப்பதற்கான காரணம் முதல் பாகமான 2011 படத்திலேயே இருக்கிறது: சிறைப்பிடித்த இடத்தில் எதிரி விஞ்ஞானி ஸோலா அவன் உடம்பில் ஏதோ பரிசோதனை செய்திருப்பான். அன்று யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் கிடைக்கும் இந்த மாதிரி முடிச்சுக்காகத்தான் ரசிகன் ஒரே படத்தை மூன்று தடவை பார்க்கிறான்.

சரி, கெட்டுப்போவது எப்படி?

‘ஸ்பைடர்மேன் 3’ படத்தில் வில்லன்கள் சாண்ட்மேன், முதல் பட வில்லனின் மகனும் பீட்டரின் நண்பனுமான ஹாரி, வெனம் என்று மூன்று பேர். கூட்டம் அதிகம் என்பது பாதிக் குறைதான். முதல் படத்தின் அஸ்திவாரத்திலேயே கை வைத்ததுதான் பெரிய தப்பு. பீட்டர் அலட்சியமாகத் தப்பவிட்ட திருடன் கையால் பென் பெரியப்பா செத்தார், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவன் ஸ்பைடர்மேன் ஆனான். மூன்றாம் பாகத்தில், சுட்டது அந்தத் திருடன் இல்லை, சாண்ட்மேன் என்கிறார்கள். ஹீரோவின் தோளிலிருந்த பாரத்தை இறக்கி வேறொருவன் தலையில் வைத்துவிட்டார்கள். அதோடு ஹாரிக்குத் தலையில் அடிபட்டு மறதி. இத்தனை நாள் வாய் திறக்காத அவன் வீட்டு வேலைக்காரர் திடீரென்று வந்து, அப்பனைக் கொன்றது பீட்டர் இல்லை என்ற உண்மையைச் சொல்கிறார். தனக்கு எல்லாப் பாத்திரங்கள் மேலும் நம்பிக்கை இருக்கவில்லை என்று ரெய்மியே பிற்பாடு ஒத்துக்கொண்டார். வெனம் மேல் அவருக்கு ஈர்ப்பு இல்லை. ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு உள்ளே கொண்டுவந்தது. ரசிகர் கேட்டது கிடைத்தது, ரசிகருக்கே பிடிக்கவில்லை.

2014-இன் ‘அமேசிங் 2’ வேறு மாதிரிக் கோளாறு. டிரெய்லரில் ரைனோ சண்டையைப் பெரிதாகக் காட்டினார்கள். படத்தில் ரைனோ தொடக்கத்தில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம், அதுவும் சண்டை ஆரம்பிக்கும்போதே படம் முடிந்துவிடும். வில்லன் கும்பலை வைத்து எடுக்க நினைத்த அடுத்த படத்துக்கு முன்பணம் வசூலித்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் அதே படத்தில் 1973 காமிக்ஸிலிருந்து வந்த பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியின் மரணம் இருக்கிறது. வலை அவளை எட்டிவிடும், ஆனால் ஒரு நொடி தாமதம். அந்த ஒரு காட்சி நிஜமான காயம். ஏழு வருடம் கழித்து, பழைய ஸ்பைடர்மேன்களும் சேர்ந்து வரும் ‘நோ வே ஹோம்’ படத்தில், விழுந்துகொண்டிருக்கும் வேறொரு பெண்ணை அதே கார்ஃபீல்டு பாய்ந்து பிடித்துவிட்டுக் கண் கலங்க நிற்கும்போது தியேட்டர் அலறியது பழைய நடிகர் வந்தார் என்பதற்காக மட்டும் இல்லை.

முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ரெய்மியின் இரண்டாம் பாகத்தை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. அடுத்த படத்துக்கான விதை அதிலும் உண்டு: கண்ணாடியில் செத்த அப்பனைப் பார்க்கும் ஹாரி, அதை உடைத்ததும் உள்ளே அப்பனின் பச்சைக் கவசம். அவ்வளவுதான், நீட்டவில்லை. மேரி ஜேன் கல்யாண உடையோடு ஓடி வந்து பீட்டரின் வாசலில் நிற்கிறாள். வெளியே சைரன் சத்தம். போய் வா என்று அவளே அனுப்புகிறாள். அவன் கட்டடங்களுக்கு நடுவே குதூகலமாகப் பறக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அங்கே படத்தை முடித்திருப்பார்கள். கேமரா ஜன்னலுக்குத் திரும்பி வருகிறது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருக்கிறது.