எபாக்சில கிராஃபீன் கலக்குற ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்கன்னா இதப் படிச்சிட்டு ஆரம்பிங்க

எம்.இ. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டா நான் எடுத்தது எபாக்சில (ஹார்டனர் கலந்தா இறுகிப் போற ரெசின்) கிராஃபீன் (கார்பன் அணுக்களாலான மெல்லிய தாள்) சேத்து ஸ்ட்ரென்த் ஏத்துறது. ஒரு அணு தடிமன் கிராஃபீன 2008ல அளந்தப்போ ஸ்ட்ரென்த் 130 கிகாபாஸ்கல், மாடுலஸ் (விறைப்பு) 1 டெராபாஸ்கல்னு வந்திருக்கு, அதப் படிச்சதும் நெறைய போட்டா நெறைய ஏறும்னு நம்பி எடுத்ததுமே 1 சதவீதம் போட்டேன். டென்சைல் டெஸ்ட்ல, அதாவது இழுத்துப் பாக்குற சோதனைல, வெறும் எபாக்சிய விட கீழ போயிடுச்சு. ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. அப்புறம் ஒடைஞ்ச முகத்த எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) பாத்தா அடுக்கடுக்கா கட்டி கட்டியா நிக்குது, விரிசல் அங்கருந்துதான் கெளம்பியிருக்கு.

காரணம் இதுதான். கிராஃபீனுக்கு கணக்குப்படி ஒரு கிராமுக்கே 2630 சதுர மீட்டர் பரப்பு, தாள் தாளா இருக்குறதால வாண்டர்வால்ஸ் இழுப்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டிட்டா உள்ள ரெசின் போகாது, லோடு வந்தா பென்சில் முனை மாதிரி அடுக்கு வழுக்கிக்கிட்டுதான் போகும். அதனால 0.1, 0.25, 0.5னு கம்மியா ஆரம்பிங்க.

நான் அப்புறம் பண்ணுனது, கிராஃபீன அசிட்டோன்ல போட்டு ப்ரோப் சோனிகேட்டர் (உள்ள முக்குற கம்பி வழியா அல்ட்ராசவுண்ட் அனுப்பி கட்டிய ஒடைக்குற மெஷின்), பீக்கர சுத்தி ஐஸ், விட்டு விட்டு பல்ஸ் மோடு. பாத் சோனிகேட்டர் (தண்ணித் தொட்டி மாதிரி இருக்குறது) மட்டும் இருந்தா நேரம் ரொம்ப எடுக்கும், பெரிய கட்டி சரியா ஒடையாது. ஆனா ப்ரோப்ல மணிக்கணக்கா ஓட்டுனாலும் தப்பு, தாளே துண்டு துண்டா போயிடும், நீளம் கொறைஞ்சா லோடு தாங்குறதும் கொறையும். சோனிகேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ராமன் (லேசர் அடிச்சு எடுக்குற ஸ்பெக்ட்ரம்) எடுத்து 1350 பக்கத்துல வர்ற டி பீக், அதாவது தாள்ல உள்ள சேதத்தக் காட்டுற பீக், 1580 பக்கத்துல வர்ற ஜி பீக்கோட ஒப்பிட்டா எவ்ளோ ஏறியிருக்குன்னு தெரிஞ்சிடும்.

அடுத்து நெறைய பேரு கோட்ட விடுற எடம், அசிட்டோன வெளியேத்துறது. 56 டிகிரிலயே கொதிக்குறதால ஈசியா போயிடும்னு தோணும், ஆனா கெட்டியான ரெசினுக்குள்ள கொஞ்சம் மாட்டிக்கிட்டே இருக்கும், அது எபாக்சிய இளக்கி டிஜியையும் (சூட்டுல எபாக்சி மெதுவாக ஆரம்பிக்கிற வெப்பநிலை) எறக்கிடும், நீங்க கிராஃபீன் மேல பழி போடுவீங்க. காலி பீக்கர், ரெசின், கிராஃபீன் மூணோட எடையையும் முதல்லயே எழுதி வச்சுக்கோங்க. ஃபியூம் ஹுட்ல சூடு பண்ணி கலக்கி, அப்புறம் வேக்குவம் ஓவன்ல வச்சு, அந்த எடைக்கு திரும்பி வந்து மாறாம நிக்கிற வரைக்கும் விடாதீங்க. முழுசா ஆறுன பிறகுதான் ஹார்டனர், சூட்டோட ஊத்துனா மோல்டுக்கு போறதுக்குள்ள கெட்டியாயிடும். ஊத்துறதுக்கு முன்னாடி காத்துக்குமிழியையும் வேக்குவம்ல எடுத்துடுங்க.

செகண்ட் ரிவ்யூல என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "வெறும் எபாக்சி சாம்பிளையும் இதே மாதிரி அசிட்டோன் ஊத்தி, சோனிகேட் பண்ணி, காய வச்சுதான் செஞ்சியாம்மா?" செய்யல. பாட்டில்லருந்து நேரா ஊத்துன எபாக்சியோடதான் ஒப்பிட்டிருந்தேன், அப்போ வந்த வித்தியாசம் கிராஃபீனாலயா ப்ராசஸாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த ஒரு செட்ட மறுபடி போட்டு, கியூர் ஆக விட்டு, டெஸ்டிங்க்கு க்யூல நின்னு வாங்க எனக்கு மூணு வாரம் போச்சு. நீங்க மோல்டு ரெடி பண்றப்பவே கன்ட்ரோல் சாம்பிளுக்கும் சேத்து அஞ்சு பீஸ் எடம் ஒதுக்கிடுங்க.