பிளஸ் டூ இன்டர்னல் பத்து மார்க்: ஜூனிலேயே தொடங்க வேண்டிய வேலை

பிளஸ் டூவில் பாடத்துக்கு 100 மார்க். இயற்பியல், வேதியியல் போல செய்முறை இருக்கிற பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு (இன்டர்னல்) 10. தமிழ், ஆங்கிலம், கணக்கு, வணிகவியல் போன்றவற்றில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. இந்தப் பத்தைப் பல பள்ளிகளில் பிப்ரவரியில் ஒரே மாலையில் உட்கார்ந்து போட்டு முடிக்கிறார்கள். அப்படிப் போட்டால் எந்த மார்க்குக்கும் கையில் ஆதாரம் இருக்காது.

பத்தும் நான்கு கூறாகப் பிரிகிறது: வருகை 2, உள்தேர்வு 4, ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் வகைக்கு 2, கல்வி இணைச் செயல்பாடு 2.

வருகையில்தான் தகராறு அதிகம். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 2. 75-லிருந்து 80 வரை 1. வேலை நாள் 220 என்று வையுங்கள். 176 நாள் வந்த பிள்ளைக்குச் சரியாக 80 சதவீதம், ஆகவே 1 மார்க்தான். 177 நாள் வந்திருந்தால் 2. ஒரே ஒரு நாள், ஆறு பாடத்திலும் ஒவ்வொரு மார்க்கைக் கொண்டுபோகிறது. விளையாட்டுப் போட்டிக்கும் என்.சி.சி. முகாமுக்கும் போன நாள்களை வகுப்பாசிரியர் அன்றன்றே 'ஓ.டி.' (ஆன் டூட்டி, அதாவது பள்ளி சார்பில் வெளியே போன நாள்) என்று குறிக்காமல் விட்டால், மாதக் கடைசியில் அவை விடுப்பாகவே கூட்டப்பட்டுவிடும். பாட ஆசிரியர்கள் ஆளுக்கொரு கணக்குப் போடவும் கூடாது. சதவீதத்தை வகுப்பாசிரியர் ஒருவரே எடுத்து, ஆறு பேருக்கும் ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். இயற்பியலில் 2, வேதியியலில் 1 என்று ஒரே பிள்ளைக்கு வருகை மார்க் மாறி நின்றால் யாராலும் விளக்கம் சொல்ல முடியாது.

உள்தேர்வில் நல்ல மூன்றை எடுக்கிறோம். 50 மார்க் தேர்வு நான்கில் 38, 22, 41, 35 வாங்கியவருக்கு 22-ஐத் தள்ளிவிட்டால் 114. அதை 150-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 3.04, அதாவது 3. இரண்டு தேர்வுக்கு வராத பிள்ளைக்கு மூன்றாவது மதிப்பெண்ணே இருக்காது. அதனால் மறுதேர்வை அந்த வாரத்திலேயே வைத்துவிட வேண்டும். திருத்திய தாள்களைக் கட்டி வையுங்கள். ஒப்படைவுக்கு, வாங்கிய தேதி பதிவேட்டில் இருந்தால் போதும். கல்வி இணைச் செயல்பாட்டுக்கு மூன்று செயல்பாடுகளில் பங்கெடுத்ததைக் காட்ட வேண்டும். மன்றக் கூட்டங்களின் வருகைப் பதிவே சான்று.

இந்தப் பத்து யாருக்கு உயிர்நாடி? எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் 90-க்கு 25, 70-க்கு 15 என்ற குறைந்தபட்சமும் உண்டு. தமிழில் இன்டர்னல் 10 முழுதாக இருந்தால் எழுத்தில் 25 எடுத்தாலே தேர்ச்சி. 8 என்றால் 27 தேவை. செய்முறைப் பாடத்தில் கதை வேறு. செய்முறை 20, இன்டர்னல் 10 இரண்டும் முழுதாகக் கிடைத்து, எழுத்தில் 14 எடுத்தால் மொத்தம் 44 வரும், ஆனாலும் தேர்ச்சி இல்லை. "முப்பது மார்க் கையில இருக்கு" என்று நம்பியிருக்கும் பிள்ளைகளிடம் அந்தப் பதினைந்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ரேங்க் கார்டில் காலாண்டு, அரையாண்டு மார்க் மட்டும் போகிறது, இன்டர்னல் போவதில்லை. பெற்றோருக்கு இது தெரியாமலே இருப்பது பெரிய அநியாயம். அரையாண்டு முடிந்ததும் நான்கு கூறுகளும் தனித்தனியாக இருக்கிற ஒரு சீட்டைக் கார்டோடு ஒட்டி, கையெழுத்து வாங்குங்கள். வருகை 78 சதவீதத்தில் நிற்கிற பிள்ளைக்கு அப்போது இன்னும் நாள் மிச்சமிருக்கும். முடிவு வந்தபின் விடைத்தாள் நகலோ, மறுகூட்டலோ, மறுமதிப்பீடோ எழுத்துத் தாளுக்குத்தான். இன்டர்னலைக் கேட்க அங்கே வழியில்லை.

கடைசியில் இணையத்தில் ஏற்றும் வேலை. நீண்ட விடுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் வரிசையை விட்டுவிட்டால், அதற்குக் கீழே உள்ளவர்களின் மார்க் எல்லாம் ஒரு வரி மேலேறிவிடும். ஒருவர் பதிவெண்ணோடு சேர்த்து வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். தலைமையாசிரியர் ஒப்புதல் தருவதற்கு முன் அச்செடுத்து, ஒவ்வொரு மாணவரும் தன் வரியைப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.