பக்கவாதப் பிரிவில் தர அளவீடு: ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் அனுபவம்

நான் பணிபுரியும் மருத்துவமனை தரச்சான்றுக்கு விண்ணப்பித்தபோது, ஒவ்வொரு பிரிவும் தன் சிகிச்சையின் தரத்தைக் காட்டும் அளவீடு ஒன்றை மாதந்தோறும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் கையில் இருந்தது வருகைப் பதிவேடு மட்டுமே என்பதால், பக்கவாத நோயாளிகள் அன்றாடச் செயல்களைத் தாமே செய்ய அந்த மாதம் எத்தனை முறை பயிற்சி அளித்தோம் என்ற எண்ணிக்கையையே எழுதிக் கொடுத்தோம். அது திரும்பி வந்தது. மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மருத்துவத் தர ஆய்வாளர் டோனபீடியன் 1966இல் வகுத்துக் காட்டியதைக் கல்லூரியில் படித்திருந்தும், செய்த வேலையை எண்ணினோமே தவிர, அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆகவே, அன்றாடச் செயல்களில் நோயாளி எந்த அளவு பிறர் உதவியின்றி இருக்கிறார் என்பதை அளக்கும், 1965இல் வெளியான பார்த்தெல் அளவுகோலை எடுத்துக்கொண்டோம். உண்பது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என 10 செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒரு முறையும் வீடு திரும்பும் முன் ஒரு முறையும் மதிப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்தோம். முதல் இரண்டு மாத முடிவுகள் எங்களைத் தலைகுனிய வைத்தன: பயிற்சி அறையில் தாமே சட்டை அணிந்துகொண்டவர்கள்கூட, வார்டில் எடுத்த மதிப்பீட்டில் பிறர் உதவியில் இருப்பவர்களாகவே பதிவாகியிருந்தார்கள். பதிவில் பிழையில்லை. நோயாளியால் என்ன முடியும் என்பதையல்ல, அன்றாடம் என்ன செய்கிறார் என்பதையே பதிய வேண்டும் என்பது அந்த அளவுகோலின் விதி. வார்டிலோ மனைவி ஊட்டிவிடுகிறார், மகன் குளிப்பாட்டுகிறார்; "பாவம், அவரை எதுக்கும்மா கஷ்டப்படுத்தணும்?" என்று ஓர் அம்மாள் என்னிடமே கேட்டார். அதன் பிறகு, பல் துலக்கும் நேரத்திலும் சிற்றுண்டி நேரத்திலும் வார்டுக்கே போய், துணைக்கு இருப்பவரையும் அருகில் அமரவைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினோம். (அதற்காகப் பணி நேரத்தை மாற்ற ஒப்புதல் வாங்கியது தனிக்கதை.) வித்தியாசம் மெல்ல மெல்ல அதிகரித்தது.

அப்போதுதான் வலக்கை செயலிழந்த ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தார். சில வாரங்களில் இடக்கையில் கரண்டி பிடித்து முழுச் சாப்பாட்டையும் தானே முடித்தார். உண்பதற்கு 10க்கு 10. ஆனால், இடக்கையால் உண்பதை அவர் சாப்பாடாகவே கருதவில்லை. இனி எந்தப் பந்தியிலும் உட்காரமாட்டேன் என்றார். எந்தக் கை என்று பார்த்தெல் கேட்பதில்லை. எனவே, கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். (கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர்) என்ற நேர்காணல் அளவீட்டையும் அவருக்குப் பயன்படுத்தினேன். அதில் தனக்கு முக்கியமான ஐந்து செயல்கள் வரை நோயாளியே தேர்ந்து, செய்யும் திறனுக்கும் மனநிறைவுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவார். உண்பதில் அவர் தந்தது திறனுக்கு 6, நிறைவுக்கு 1. வலக்கைப் பயிற்சியைக் கூட்டினோம். தயிர்சாதத்தை விரல்களால் அள்ளி, பாதி சிந்தினாலும் மீதியை வாய்வரை கொண்டுபோன வாரத்தில், நிறைவு 4 ஆயிற்று. 2 புள்ளி உயர்ந்தாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பார்கள்.

தரப்பிரிவின் படிவத்தில் ஒரே எண்ணுக்குத்தான் கட்டம் இருப்பதால், இன்றும் பார்த்தெல் வித்தியாசமே அங்கே போகிறது. நிறைவு மதிப்பெண்ணைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, வாரக் கூட்டத்தில் அதையே முதலில் வாசிக்கிறோம்.