ஆஹனா, மியூனிக்கா: எக்செல் ஷீட் சொல்லாத கணக்கு

ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலில் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அப்புறம் அதே நாட்டின் ஆஹனில் இருக்கும் ஆர்.டபிள்யூ.டி.எச். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். (அங்கே யாரும் இப்படிச் சொல்வதில்லை, எர்-வே-டே-ஹா என்பார்கள்.) இரண்டிலும் முதுகலை இயந்திரப் பொறியியலுக்கு இடம். எங்கேயாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று கிடந்தவளுக்கு, இரண்டும் கிடைத்த பிறகுதான் தூக்கம் போனது.

பொறியியல் படித்தவள் என்ன செய்வாள்? எக்செல் ஷீட் போட்டேன். பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. மியூனிக் ஜெயித்தது. வாடகைக்குக் கொடுத்த 3-ஐ 5 ஆக்கினேன், ஆஹன் ஜெயித்தது. உலகத் தரவரிசைக்கு ஒன்று கூட்டினேன், திரும்பவும் மியூனிக். மூன்றாவது நாள் இரவுதான் உறைத்தது: நான் கணக்கே போடவில்லை, அன்றைய மனநிலைக்கு ஏற்ற விடையை வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெருமை பேசுவதென்றால் இரண்டு பக்கமும் நிறையவே உண்டு. மியூனிக் 1868-இல் தொடங்கியது, ஆஹன் 1870-இல். குளிர்பதனத்துக்குப் பேர்போன லிண்டே மியூனிக்கில் பாடம் நடத்தினார், அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் ருடால்ஃப் டீசல். ஆஹனில் காற்றியக்கவியல் ஆய்வகத்தை நடத்தியவர் தியோடர் வான் கார்மான். இயந்திரப் பொறியியல் படிக்கிறவர்களுக்கு மூன்று பேருமே குலதெய்வங்கள். தரவரிசையில் மியூனிக் பல படி மேலே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மன் தொழிற்சாலைகளில் இயந்திரப் பொறியியல் என்று பேச்சு வந்தால் ஆஹனின் பெயரும் கூடவே வரும். இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

பணத்துக்கு வருவோம். ஜெர்மனி என்றால் படிப்பு இலவசம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மியூனிக்கில் அது மாறிவிட்டது. 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். முதுகலைக்குப் பாடத்தைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. விலக்கும் உதவித்தொகையும் உண்டு, ஆனால் அவற்றை நம்பி விமானம் ஏற முடியாது. குறைந்ததையே எடுத்தாலும் நான்கு செமஸ்டருக்கு 16,000. ஆஹனில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் பங்களிப்பு என்று 300 யூரோவை ஒட்டி ஒரு தொகை, அதற்குள்ளேயே நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் டிக்கெட்டும் வந்துவிடும்.

ஆஹன் பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது, நான் விழப் பார்த்தேன். அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் சில முதுகலைப் படிப்புகளை இன்டர்நேஷனல் அகாடமி என்ற தனி அமைப்பு நடத்துகிறது. அவற்றுக்குக் கட்டணம் உண்டு, சின்னத் தொகையும் இல்லை. பெயரை மட்டும் பார்த்து அப்படி ஒன்றுக்கு விண்ணப்பத்தைப் பாதிவரை நிரப்பிவிட்டேன். கட்டணப் பக்கத்தைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதி நான்கு பிரிவிலும் 4 வாங்கி வைத்திருந்ததால் ஜெர்மன் மொழியில் நடக்கும் படிப்புக்கு மாறினேன். அந்த இரண்டு வருட இலக்கணப் போராட்டத்துக்குப் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாடகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விசாவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். மியூனிக்கில் நான் பார்த்த அறை விளம்பரங்களில் பாதி 700-ஐத் தாண்டியிருந்தன.

இவ்வளவும் எக்செல் ஷீட்டில் ஏற்கெனவே இருந்தவை. அதில் இல்லாத ஒன்றைக் கேட்டவர், ஜெர்மனியில் படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கும் ஒரு அக்கா. நான் பத்து நிமிடம் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும்டி, ரெண்டு இடத்துப் பரீட்சை விதியையும் படிச்சியா?” என்றார்.

படிக்கவில்லை. யார் படிப்பார்கள்? தேர்வு ஒழுங்குமுறை என்று பல பக்க பிடிஎஃப், சட்ட ஜெர்மனில், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பத்தி நீளம். வினைச்சொல்லைக் கண்டுபிடிக்கவே கடைசி வரிக்குப் போக வேண்டும். ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன்.

ஆஹனில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடம் ஒன்றில் முடிவாகத் தோற்றால் படிப்பிலிருந்து வெளியே. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. மியூனிக்கில் பொதுவாக இப்படி முயற்சிகளை எண்ணுவதில்லை. அங்கே எண்ணுவது காலத்தை. நான்கு செமஸ்டர் முதுகலையில் மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் 30 கிரெடிட், நான்காவதற்குள் 60, ஐந்தாவதற்குள் 90, ஆறாவதற்குள் 120 எடுத்திருக்க வேண்டும்.

நான் அரியர் இல்லாமல் முடித்தவள் இல்லை. இளங்கலையில் வெப்பப் பரிமாற்றத்தில் இரண்டு முறை விழுந்து மூன்றாவதில் எழுந்தவள். ஆஹன் கணக்குப்படி கயிற்றின் நுனி. அந்த வரியைப் படித்ததும், பேசாமல் மியூனிக்குக்கே போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

ஞாயிறு மாலைதான் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தேன். மியூனிக்கில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், சரி. ஆனால் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் குறைந்தது 4,000 யூரோ. அந்தப் பணத்துக்கு நான் வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் கிரெடிட் தள்ளிப்போகும். ஆஹனில் வாய்ப்பு மூன்றுதான், ஆனால் நேரம் மலிவு. தயாராகவில்லை என்றால் பெயரை விலக்கிக்கொண்டு அடுத்த முறை எழுதலாம், அதனால் ஒரு செமஸ்டர் கூடினால் 300 யூரோ சொச்சமும் சாப்பாட்டுச் செலவும். மெதுவாகப் படிக்கிற, வீட்டுப் பணத்தில் போகிற எனக்கு இரண்டாவதுதான் சரி. வேகமாகப் படிக்கிறவர்களுக்கோ, விலக்கு கிடைத்தவர்களுக்கோ இதே கணக்கு தலைகீழாக வரும். என் விடையைக் காப்பியடிக்காதீர்கள்.

வேலை விஷயத்திலும் ஒன்று. சர்வதேச மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம். பல்கலைக்கழகத்திலேயே பார்க்கும் மாணவ உதவியாளர் வேலை, ஹிவி என்பார்கள், இந்த எண்ணிக்கையில் சேராது. ஆஹனில் இயந்திரக் கருவிகளுக்கான ஆய்வகமே பெரிய தொழிற்சாலை மாதிரி இருக்கும். அந்த மாதிரி இடங்களில் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

ஆஹனில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே பெயரை விலக்கும் பொத்தானுக்கு வேலை வந்தது. கடைசி நாள், நள்ளிரவுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, கர்சரை அதன் மேல் வைத்துக்கொண்டு மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அமுக்கினேன். அடுத்த முறை எழுதினேன், 2.7. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0-க்கு மேல் போனால் தோல்வி. ஆக 2.7 பெருமைப்படும்படி இல்லை, ஆனால் முதல் முயற்சியிலேயே தேறியாகிவிட்டது.

போன கோடையில் மியூனிக்குப் போனேன். செமஸ்டர் பங்களிப்பில் வரும் அந்த டிக்கெட்டில் விரைவு ரயில் ஏற முடியாது, உள்ளூர் ரயில்களை மாற்றி மாற்றி ஒரு பகல் முழுக்கப் போனது. ஊர் பார்ப்பதற்கு முன்னால் யு6 மெட்ரோ பிடித்து பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்துக்கே போனேன். அங்கே கணிதக் கட்டடத்தின் நடுவில், மேல் மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் இரண்டு பெரிய சறுக்குமரங்கள் இருக்கின்றன, பரவளைய வடிவில். சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து அதன் படத்தைத்தான் லேப்டாப்பில் வைத்திருந்தேன். முன்னால் நின்ற பையன், “நீங்க எந்தத் துறை?” என்று ஜெர்மனில் கேட்டான்.

“இங்கே சேராத துறை” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. என் முறை வந்துவிட்டது.